பாலும் பளுவும்
(இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பளு தூக்கிப் பழகும் நம் இளைஞர்கள் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு. "பால் குடித்தால்தான் உடல் தேறுமா? பாலுக்கு வழியில்லாதவன் இரும்பைத் தொடலாமா?" என்பதே அது. சிறிய வினாவாகத் தோன்றினும், இதன் அடியில் ஒரு பழைய தாழ்வெண்ணம் படிந்திருக்கின்றது. ஆதலின் இதனை முறையாக ஆராய்வோம்.

பளு தூக்கும்போது தசைகள் தேய்வுறுகின்றன. ஓய்விலும் உறக்கத்திலும் அவை செப்பனிடப்பட்டு வலுப்பெறுகின்றன. அதற்கு வேண்டிய கட்டுப்பொருளே புரதம். அரை லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 16 கிராம் புரதம் உண்டு; எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் உண்டு. கனடா நாட்டு மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 இளைஞர்களை மூன்று பிரிவாக்கி, 12 வாரம் எடைப்பயிற்சி அளித்து, முடிவை 2007-இல் வெளியிட்டனர். பயிற்சிக்குப் பின் ஒரு பிரிவினர் கொழுப்பு நீக்கிய பாலும், மற்றொரு பிரிவினர் சோயா பானமும், எஞ்சியோர் மாவுச்சத்துப் பானமும் அருந்தினர். தசை மிகுதியாகக் கூடியது பால் அருந்தியோருக்கே. ஆகவே, பால் உதவும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், மற்ற இரு பிரிவினருக்கும் வலிமை கூடவே செய்தது என்பதையும் அவ்வாய்வே காட்டிற்று. வலிமையைத் தந்தது பயிற்சி. பால் அதற்குத் துணை நின்றது.

இனிக் கணக்கிற்கு வருவோம். கடும் பயிற்சி செய்வோருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சற்றேறக்குறைய 1.6 கிராம் புரதம் நாள்தோறும் போதுமென்பர். 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு அது 96 கிராம். அரை லிட்டர் பால் அதில் ஆறில் ஒரு பங்கையே தரும். எஞ்சியது எங்கிருந்து வரும்? நூறு கிராம் சாளை மீனில் ஏறத்தாழ 20 கிராம், மாட்டிறைச்சியிலும் அவ்வளவே. ஒரு முட்டையில் 6 கிராம். பயறும் நிலக்கடலையும் குறைந்தவையல்ல. மரச்சீனிக் கிழங்கில் மட்டும் புரதம் மிகச் சொற்பம். ஆகவே கிழங்கோடு மீனைச் சேர்த்துண்ணும் நம் மாவட்ட வழக்கம் அறிவார்ந்ததே. நம் வீட்டு உணவை எவரேனும் இழித்துரைத்தால், அவ்விழிவு உணவில் இல்லை. உரைப்பவர் உள்ளத்தில் உள்ளது.

பால் சிலருக்கு ஒவ்வாது. குழந்தைப் பருவம் கடந்தபின் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பலருக்குக் குறைகின்றது. வயிறு உப்பும், பேதியாகும். அத்தகையோர் தயிராக உண்ணலாம். அதனை உடற்குறை எனக் கருதி நாணவேண்டுவதில்லை.

நாஞ்சில் நாட்டு வயல்களில் கதிர்க்கட்டுச் சுமந்து களத்தில் சேர்த்தவர்கள் நம் முன்னோர். மாட்டை மேய்த்துத் தொழுவத்தைக் கூட்டியவர்களும் அவர்களே. பால் சென்று சேர்ந்த இல்லங்கள் வேறு. கஞ்சி குடித்து அத்துணைச் சுமை தூக்கிய மரபில் வந்த நாம், வலிமையற்றவர் என எங்ஙனம் எண்ணலாம்? இம்மண் திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நாளில், 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் கண்டவர் அய்யன்காளி. உழைக்கும் கரங்கள் ஒடுங்கினால் வயல் தரிசாகும் என்பதை உணர்த்தி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்கப் போராடினார் அவர். உடல் வலிமை அன்று கல்விக்குத் துணையாயிற்று.

இன்றோ, கடன் பட்டுப் புரத மாவு டப்பா வாங்கும் இளைஞர்களைக் காண்கின்றோம். அவற்றுள் பெரும்பாலானவை பால் திரிந்தபின் வடியும் நீரிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவையே. அப்பணம் ஒரு மாணவனின் தேர்வுக் கட்டணமாகும். ஒரு வீட்டின் பல நாள் மீனும் முட்டையுமாகும். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்றார். 2014-இல் அவர் தூக்கிய மொத்த எடை 328 கிலோ. எந்த டப்பாவும் அதனைத் தூக்கித் தராது. ஆண்டுக்கணக்கான பயிற்சியே தரும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் பால் இருப்பின் காய்ச்சிப் பருகுங்கள்; பயிற்சிக்குப் பின் பருகுவது நன்று. தம்பிக்குப் பாலும் தங்கைக்கு வெறுந்தேநீரும் என்ற வேற்றுமை வேண்டா. அவளுக்கும் எலும்பும் தசையும் உண்டு. பால் இல்லையெனில், இருப்பதை நிறைவாக உண்டு, நன்கு உறங்கி, தவறாது பழகுங்கள். பால் இல்லையென்று இரும்பை விடாதீர்கள்; இரும்புக்காகப் புத்தகத்தையும் விடாதீர்கள்.