கொடையும் நிபந்தனையும்

ஒருவன் தன் தோட்டத்துக் கிணற்றை ஊரார்க்கெனத் திறந்து விடுகின்றான் என்று கொள்வோம். எவரும் வந்து நீர் அள்ளலாம். விலை எதுவும் இல்லை. ஆயினும், அள்ளிய பின்னர் துலாவையும் வாளியையும் இருந்தபடியே விட்டுச் செல்ல வேண்டும் என்று அவன் சொல்வானாயின், அச்சொல் அவனது கொடையைக் குறைத்துவிடுமோ? குறைத்துவிடாது. அடுத்து வருபவனுக்கும் நீர் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நிபந்தனை எழுந்தது.

கணினித் துறையிலும் இத்தகைய கொடை ஒன்று உண்டு. அதனைத் திறந்த மூல மென்பொருள் என்று வழங்குவர். மென்பொருள் என்பது கணினி செய்ய வேண்டிய வேலைகளை ஒழுங்காக எடுத்துரைக்கும் கட்டளைத் தொகுதியாகும். மனிதர் வாசித்து விளங்கிக்கொள்ளத்தக்க வடிவில் எழுதப்படும் அதன் முதல் வடிவத்துக்கு மூலநிரல் என்று பெயர். கணினி இயக்குவதற்கேற்ற வடிவமோ எண்களின் நீண்ட கோவையாகும். அதனை எளிதில் வாசித்து விளங்கிக்கொள்ள இயலாது. மென்பொருள் விற்போர் பெரும்பாலும் இந்த இரண்டாம் வடிவத்தையே கொடுப்பர். குளிகையை விலைக்கு வாங்கியவன் அதன் செய்முறையை அறியாதவாறு போல, வாங்கியவர் அதனைப் பயன்படுத்தலாம். பழுது காணின் தாமே திருத்த இயலாது. திறந்த மூல மென்பொருளை ஆக்கியோர், குளிகையுடன் செய்முறையையும் சேர்த்தே கொடுக்கின்றனர்.

இங்கே ஒரு தப்பெண்ணம் நிலவுகின்றது. யாவரும் காணும்படி வைக்கப்பட்ட மூலநிரல் உரிமையாளர் அற்றது என்று பலர் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1886ஆம் ஆண்டு உருவான பேர்ண் உடன்படிக்கையைத் தழுவிய நாடுகளில், ஓர் ஆக்கம் தோன்றும்போதே அதற்கான பதிப்புரிமையும் தோன்றிவிடுகின்றது. அதனைப் பதிவு செய்தல் வேண்டும் என்பதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரல்களைப் பாதுகாப்புக்குரிய ஆக்கங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. ஆதலின், ஆக்கியோன் ஒன்றும் சொல்லாது விட்டால், அவனது நிரலைப் பிரதி செய்யவோ, மாற்றவோ, பிறர்க்கு வழங்கவோ பொதுவாக ஏனையோர்க்கு உரிமை இல்லை. மௌனம் இங்கே சம்மதம் அன்று. கொடுக்க விரும்புவோர் அவ்விருப்பத்தை எழுத்தில் வெளியிடுதல் வேண்டும். அந்த எழுத்தே உரிமம் எனப்படுவது.

எத்தகைய உரிமம் திறந்த மூல உரிமம் ஆகும் என்பதற்கு, 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய திறந்த மூல முன்னெடுப்பு என்னும் அமைப்பு பத்து விதிகளை வகுத்தது. மூலநிரல் கிடைத்தல் வேண்டும். மாற்றவும் பகிரவும் இடமளித்தல் வேண்டும். இன்னார்க்குத் தருவோம், இன்னார்க்குத் தரோம் என்ற பேதமும், இன்ன தொழிலுக்கு ஆகாது என்ற தடையும் இருத்தல் கூடா. இவை அவற்றுள் முக்கியமானவை. வணிகத்துக்குப் பயன்படுத்தல் ஆகாது என்று விதிக்கும் உரிமம் இவ்வரைவிலக்கணத்துள் அடங்காது.

இவ்வுரிமங்களை இரு பெரும் பிரிவுகளாக வகுக்கலாம். முதற் பிரிவின் நிபந்தனைகள் மிகச் சில. மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் பெயராலும், பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெயராலும் அறியப்படும் உரிமங்கள் இவ்வகையின. ஆக்கியோரின் பதிப்புரிமை அறிவித்தலையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருத்தலே அவை கேட்கும் முதன்மையான கைம்மாறு. பெற்றவர் நிரலை மாற்றி, மாற்றிய மூலநிரலை மறைத்து, விற்கவும் செய்யலாம்.

இரண்டாம் பிரிவு கொடை தொடர வேண்டும் என்று விதிப்பது. றிச்சர்ட் ஸ்ரோல்மன் என்னும் அமெரிக்க நிரலாளர் 1983ஆம் ஆண்டு க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தின் பொது உரிமம் 1989இல் முதன்முதலாகவும், 1991இலும் 2007இலும் திருத்திய வடிவிலும் வெளிவந்தது. நிரலையோ அதன் மாற்றிய வடிவையோ பிறர்க்கு வழங்குபவர், மூலநிரலையும் கிடைக்கச் செய்தல் வேண்டும்; தாம் பெற்ற அதே உரிமையைப் பெறுபவர்க்கும் அளித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். விலை பெறுதலை அது தடுக்கவில்லை. தன் வீட்டிலோ அலுவலகத்திலோ மாத்திரம் பயன்படுத்துவதற்காக மாற்றியவன் அம்மாற்றத்தை வெளியிட வேண்டும் என்றும் அது வற்புறுத்தவில்லை. பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ், முதலில் பணம் பெற்று வழங்குவதைத் தடைசெய்திருந்தது. 1992இல் அவர் அத்தடையை நீக்கி இப்பொது உரிமத்தை ஏற்றார். அன்ரொயிட் கைத்தொலைபேசிகள் யாவற்றின் உள்ளும் இன்று இயங்கும் கருநிரல் அந்த லினக்ஸ் வழிவந்ததே.

ஆயின், இலவசமாகக் கொடுத்த ஒன்றின் நிபந்தனை மீறப்பட்டால் நீதிமன்றம் செவிமடுக்குமா? இவ்வினாவுக்கு விடை, விளையாட்டுப் போலத் தோன்றும் ஒரு துறையிலிருந்து வந்தது. மாதிரிப் புகையிரதங்களை ஓட்டி மகிழும் ஆர்வலர்க்கெனக் கலிபோர்னியாவின் பௌதிகப் பேராசிரியர் றொபேட் ஜேக்கப்சனும் வேறு பலரும் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதி, உரிமத்துடன் இலவசமாக வெளியிட்டிருந்தனர். எடுத்து மாற்றுவோர் ஆக்கியோரின் பெயர்களைப் பேண வேண்டும். எதனை எவ்வாறு மாற்றினர் என்று குறித்தலும் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். அத்துறையில் வணிகம் செய்த ஒரு தரப்பினர் அதன் கோப்புகளை எடுத்துத் தம் விற்பனைப் பொருளில் சேர்த்தனர். பெயர்களும் இல்லை, மாற்றக் குறிப்பும் இல்லை.

வழக்கு எழுந்தது. 2007இல் மாவட்ட நீதிமன்றம், இது பதிப்புரிமை மீறல் அன்று, ஒப்பந்த மீறலாக மாத்திரம் இருக்கலாம் என்று கருதித் தடையுத்தரவு வழங்க மறுத்தது. இதில் ஓர் ஆபத்து மறைந்திருந்தது. ஒப்பந்த மீறலுக்குப் பெரும்பாலும் பண நட்டத்தையே கணக்கிடுவர். இலவசமாகக் கொடுத்தவனுக்குப் பண நட்டம் ஏது? அத்தீர்ப்பு நிலைத்திருப்பின், இத்தகைய உரிமங்கள் யாவும் கேட்பாரற்ற வெறும் வேண்டுகோள்களாகப் போயிருக்கக் கூடும்.

2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 13ஆம் திகதி, வாஷிங்டன் நகரிலுள்ள கூட்டாட்சிச் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. இன்னது செய்தால் மாத்திரமே எடுக்கலாம் என்னும் பொருள்பட எழுதப்பட்ட உரிமத்தில், அவ்விதிகள் அனுமதிக்கே எல்லையாகும். எல்லையைக் கடந்தவன் அனுமதியின்றி எடுத்தவனாகலாம் என்று அது கொண்டது. பணம் பெறாதவர்க்கும் நலன் உண்டு. பெயர் அறியப்படுதலும், தம் ஆக்கம் எங்ஙனம் வளர்ந்தது என அறிதலும் நலன்களே என்பதையும் அது ஏற்றது. 2010இல் இணக்கத்தால் வழக்கு முடிவுற்றது. எதிர்த்தரப்பினர் ஓர் இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்த இணங்கினர். இலவசக் கொடையின் நிபந்தனைக்கும் சட்டவலு உண்டு என்பது இவ்வழக்கால் உறுதியாயிற்று.

இத்தகைய உரிமங்கள் ஆபத்து வேளையில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதற்கு இலங்கையே சான்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபோது, இந்நாட்டு மென்பொருள் வல்லுநர்கள் தொண்டர்களாக ஒன்றுகூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிந்து வைக்கும் ஒரு மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் அதற்குச் சகானா என்று பெயரிட்டனர். திறந்த உரிமத்துடன் அது வெளியிடப்பட்டமையால், 2005இல் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோதும், 2010இல் ஹெயிற்றி அதிர்ந்தபோதும், விலை பேசவோ அனுமதிக்குக் காத்திருக்கவோ நேராமல் அதனை எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. இடிபாடுகளின் நடுவே உறவினரைத் தேடுவோர்க்கு ஒரு நாள் தாமதமும் பெரிது அன்றோ?

திறந்த மூல மென்பொருளைக் கையாளும் மாணவரும் அலுவலகத்தாரும் கருத்திற் கொள்ள வேண்டியவை சில. நிரலுடன் வரும் உரிமத்தை முதலில் வாசித்தல் வேண்டும். ஆக்கியோரின் பெயரை அழித்தல் ஆகாது. மாற்றியதைக் குறித்து வைத்தல் நன்று. உத்தரவாதம் எதுவும் இல்லை என்றே இவ்வுரிமங்கள் பெரும்பாலும் கூறுவதால், பரீட்சித்துப் பார்த்தே பயன்படுத்தல் வேண்டும். தாமாக ஒன்றை ஆக்கிக் கொடுப்போர், புதிய வாசகம் புனைவதிலும், பலரும் அறிந்து பழகிய உரிமம் ஒன்றைத் தெரிந்து கொள்வதே சிறந்தது. பெற்றதைப் பெற்றவாறே பிறர்க்கும் விட்டுச் செல்லுதல் ஊர் வழக்கில் உள்ள ஒழுக்கமே. இவ்வுரிமங்கள் அதனைச் சட்டத்தின் மொழியில் எழுதி வைத்துள்ளன.