ஓடிப்போய் ஒரு சிகரட்

அலவத்துகொடையில் மாத்தளை வீதியோரம் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு சில்லறைக் கடை. அதன் தூணில் தும்புக் கயிறொன்று எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும், வாங்குவோர் பற்றவைக்க. எனக்கு எட்டு வயதிருக்கும். "ஓடிப்போய் ஒரு சிகரட் வாங்கி வா மகன்" என்பார் வாப்பா. மீதிச் சதத்துக்கு எனக்கு டொபி. கடை நாநாவும் சிரித்துக்கொண்டே கொடுப்பார். பிழையென்று எவருமே நினைக்கவில்லை. வாப்பா பின்னாளில் இருமி இருமியே மெலிந்துபோனார்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட்டும் மதுவும் விற்கக் கூடாது, விளம்பரமும் கூடாது. "என் காசில் என் நெஞ்சைச் சுடுகிறேன், அரசாங்கத்துக்கு என்ன?" என்றார் நண்பரொருவர். வளர்ந்தவர் கேட்டால் நியாயமான கேள்விதான். பெண்கள் மது வாங்க 1979இல் விதித்த தடையை 2018 ஜனவரியில் அமைச்சர் மங்கள சமரவீர நீக்க, சில நாட்களிலேயே ஜனாதிபதி சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. போயா தினத்தில் சாராயக் கடையைப் பூட்டுவதும் அப்படித்தான். வேண்டியவன் முதல்நாளே வாங்கி வைக்கிறான். வைக்காதவன் கசிப்பைத் தேடுகிறான்.

ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் சிகரட்டை நீட்டும் கை? அதை வாப்பாவும் தடுக்கவில்லை, ஊரும் தடுக்கவில்லை. சட்டம்தான் வரவேண்டியிருந்தது.

போன கிழமை அந்தக் கடைக்குப் போனேன். இப்போது நாநாவின் மகன் வியாபாரம் செய்கிறார். சிறுவனொருவன் "சாச்சாவுக்கு ஒரு சிகரட்" என்று காசை நீட்டினான். அவர் என்னைப் பார்த்தார். நான் நின்றதாலோ என்னவோ, "சாச்சாவையே வரச் சொல்லு" என்றார்.