மணிக்கு எத்தனை லிட்டர்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உப்பளம் பகுதிக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மீன் விற்கிறவள். எனக்குத் தெரிந்த சேமிப்பு ஒரு படகு எஞ்சினில்தான் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையெல்லாம் ஃபைபர் படகு ஆகிப்போச்சு. எங்க வீட்டுப் படகும் அப்போ வந்ததுதான். அது பழசாகி, புதுசு கட்டணும்னு வந்தப்போ, 32 அடியில் கட்டலாம், ரெண்டு ராத்திரி தங்கி சூரை, வஞ்சிரம் பிடிக்கலாம்னு முடிவாச்சு. முன்பணத்துக்கு என் குழுக் கடன். கையெழுத்து என்னோடது.

எஞ்சின் பேச்சு வந்ததும் பெரிய பையன், "40 குதிரைத்திறன் அவுட்போர்டு போடலாம்மா, பறக்கும்" என்றான். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?" யாரும் பதில் சொல்லவில்லை. கடைக்காரரும் குதிரைத்திறனைச் சொன்னாரே தவிர லிட்டரைச் சொல்லவில்லை.

அப்புறம் மெக்கானிக் ஒருத்தரை உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு முழு வேகத்தில் ஓடினால் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் அரை லிட்டர். டீசல் எஞ்சினுக்குக் கால் லிட்டர். அப்படியானால் 40 குதிரைத்திறன் அவுட்போர்டுக்கு மணிக்கு 20 லிட்டர். 10 குதிரைத்திறன் டீசலுக்கு இரண்டரை லிட்டர். 20 கடல் மைல் போய்வர, அவுட்போர்டு 15 நாட் வேகத்தில் ஓடினாலும் 53 லிட்டர் பெட்ரோல். டீசல் 6 நாட் வேகத்தில் மெதுவாகப் போனால் 17 லிட்டர்.

பையன் விடவில்லை. "முதல்ல கரை சேர்றவனுக்குத்தானே ஏலத்துல விலை?" என்றான். அவன் சொன்னது உண்மை. ஏலத்தில் நிற்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? காலையில் போய் மதியம் வருகிற படகுக்கு அந்தக் கணக்கு சரி. ரெண்டு ராத்திரி தங்குகிற படகுக்கு அது வேறு. நாலு மணி நேரம் முன்னாடியே வலையை ஏற்றிவிட்டால் டீசலிலும் விடியற்காலை ஏலத்தைப் பிடிக்கலாம். அந்த நேரத்துக்கு மீன்பாடு கொஞ்சம் குறையும்தான். ஆனால் நொந்துபோன மீனோடு சீக்கிரம் வந்து என்ன பயன்? என் கூடைக்கு வருகிற விலையை ஐஸ்தான் தீர்மானிக்கிறது.

அதனால் மிச்சப்பட்ட பணத்தை ஐஸ் பெட்டியில் போட்டோம். படகு கட்டும்போதே சொல்லிவிடணும், அப்புறம் மாற்ற முடியாது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் கொள்கிற மாதிரி, சுற்றிலும் வெப்பம் புகாத ஃபோம் வைத்துக் கட்டச் சொன்னோம். சூரையை வெயிலில் போட்டுவைத்தால் சதையில் ஹிஸ்டமின் ஏறும். சாப்பிட்டவர்களுக்கு அரிப்பு, தடிப்பு வரும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. அந்தக் கெட்ட பேர் விற்கிற நமக்குத்தான் வரும்.

பணம் இழுத்துப் பிடித்தப்போ, "வி.எச்.எஃப். ரேடியோ அப்புறம் வாங்கலாம், லைஃப் ஜாக்கெட் எதுக்கு" என்று ஆரம்பித்தார்கள். அங்கேதான் நான் பிடிவாதமாக நின்றேன். என் கொழுந்தனார் படகு ஒருமுறை எஞ்சின் நின்று ராத்திரி முழுக்க நீரோட்டத்தோடு போச்சு. டீசலில் தண்ணி கலந்திருந்தது. கையில் போன் இருந்தது, சிக்னல் இல்லை. காலையில் வேறு படகு பார்த்து இழுத்து வந்தது. என் ஓரகத்தி அன்றைக்குக் கரையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராமல் கன்னியாகுமரிக் கரை என்ன பாடுபட்டது என்பது நாடறிந்த விஷயம்.

வாங்கினோம். ரேடியோ, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், ஜி.பி.எஸ்., டீசலில் தண்ணி பிரிக்கிற ஃபில்டர். பழைய எஞ்சினைச் சரிபண்ணி மாற்று எஞ்சினாக ஏற்றினோம். அவசரத்துக்கு ரேடியோவில் 16-ஆவது சேனல், போனில் கடலோரக் காவல்படை 1554. இதை வீட்டுச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாம் நல்லபடி என்று பெருமை பேச வரவில்லை. காற்று மாறினால் வேகமாக ஓடி வர முடியாதே என்ற பயம் எனக்கு இன்னும் உண்டு. பையனும் முதல் வருஷம் முணுமுணுத்தான். இப்போ டீசல் பில்லை அவனே எழுதி வைக்கிறான்.

சகோதரிகளே, 2020-இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளி பெண்ணாக இருந்தால் மானியம் 60 சதவீதம், பொதுப் பிரிவு ஆணுக்கு 40 என்று வைத்தார்கள். அதனால் இனிமேல் படகு நம்ம பேரில் வரும். பேர் நம்மது, முடிவு மட்டும் அவர்களுடையதா? கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். மணிக்கு எத்தனை லிட்டர்? உதிரிபாகம் நம்ம ஊரில் கிடைக்குமா? எஞ்சின் நின்றால் எப்படிக் கரை சேருவார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், ஐப்பசி கார்த்திகையில் புயல், அந்த மாசங்களில் தவணையை எதிலிருந்து கட்டுவோம்?

எஞ்சினைப் பற்றிப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். எஞ்சின் தெரியாமல் இருக்கலாம். தவணை கட்டுகிறவளுக்குக் கணக்குத் தெரியும். கடலுக்குப் போனவர் திரும்பி வருகிற வரைக்கும் கரையில் காத்திருக்கிறவளும் அவள்தான்.