அநுராதபுரத்துச் சீன மாணாக்கர்



வெளிநாட்டிற் கல்வி பயிலுதல் என்றதும் நம்மவர் நினைவு இலண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஓடுகின்றது. நம் நாட்டுக்கே கல்வி தேடி வந்த ஒரு மாணாக்கரைப் பற்றி இன்று சிறிது கூற விரும்புகின்றேன். அவர் பாகியான் என்னும் சீனப் பிக்கு. கி. பி. 399 ஆம் ஆண்டிலே சாங்கான் நகரை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு ஏறத்தாழ அறுபது வயது என்பர். மற்றையோர் சாய்மனைக் கதிரையை நாடும் வயது!

பிக்குகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல்கள் சீனத்திற் குறைந்தும் சிதைந்தும் கிடந்தன. முழு நூலைத் தேடி அவர் வட இந்தியாவுக்கு வந்தார். அங்கோ, ஆசிரியர்கள் வாய்மொழியாகவே ஓதிக் கொடுத்தனர். படியெடுக்க ஏடு இல்லை. பாடலிபுத்திரம் வரை நடந்த பின்னரே ஏடு கிடைத்தது. மூன்று ஆண்டுகள் அங்கே தங்கி, வடமொழியைப் பேசவும் எழுதவும் கற்று, விநயத்தைப் படியெடுத்தார்.

உடன் வந்தோருள் ஒருவர் பனிமலையில் உயிர் துறந்தார். வேறு சிலர் இடைவழியிலே பிரிந்தனர். இறுதிவரை எஞ்சிய தோழர், பாடலிபுத்திரத்துப் பிக்குகளின் ஒழுக்கத்தைக் கண்டு, இனித் தாயகம் திரும்பேன் என அங்கேயே தங்கிவிட்டார். கற்றதைத் தம் நாட்டாருக்குக் கொண்டு சேர்க்க வேண்டுமென்று பாகியான் தனியே நடந்தார். தாமிரலிப்தித் துறையில் மரக்கலம் ஏறிப் பதினான்கு நாளில் இலங்கையை அடைந்தார்.

அநுராதபுரத்து அபயகிரி விகாரையில் ஐயாயிரம் பிக்குகள் வாழ்ந்தனர் என அவர் எழுதுகின்றார். அங்கே பச்சைக்கல்லாலான புத்தர் திருவுருவம் ஒன்று இருந்தது. ஒரு நாள் வணிகன் ஒருவன் அதன் முன்னிலையிற் காணிக்கையாக வைத்திருந்த பொருள் அவர் கண்ணிற் பட்டது. அது சீனத்து வெண்பட்டு விசிறி. நாட்டை விட்டுப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. காணும் முகங்கள் அந்நியம். மரமுஞ் செடியுங்கூட அந்நியம். பனிமலைக்கும் பாலைவனத்துக்கும் கலங்காத அந்தக் கிழவர் ஒரு விசிறியைக் கண்டு கண்ணீர் விட்டார்! அதனை மறையாது எழுதியும் வைத்தார். அந்த ஓரிடத்துக்காகவே அவருடைய பிரயாண நூலை நான் மீண்டும் மீண்டும் படிப்பதுண்டு.

எனினும் உடனே கப்பல் தேடினாரல்லர். இரண்டு ஆண்டுகள் இங்கே தங்கி, சீனத்தில் இல்லாத வேறொரு விநய நூலையும் ஆகம நூல்களையும் தேடிப் பெற்றார்.

திரும்பும் வழியிற் புயல் எழுந்தது. கலத்துள் நீர் புகுந்தது. வணிகர் சரக்குகளைக் கடலிற் கொட்டினர். பாகியான் தம் நீர்க்குடத்தையும் கிண்ணத்தையும் தாமே எறிந்தார். தம் ஏடுகளையும் அவர்கள் எறிந்துவிடுவரோ என்பதே அவருடைய அச்சம்.

ஏடுகள் தப்பின. 412 ஆம் ஆண்டிலே சீனக் கரையை அடைந்தவர், எஞ்சிய காலத்தை மொழிபெயர்ப்பிற் செலவிட்டார். இலங்கையிற் பெற்ற விநய நூல் அவர் காலமான பின்னரே சீன மொழியில் வெளிவந்தது.