மானமும் அச்செழுத்தும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வாயினின்று புறப்பட்ட பழிச்சொல் காற்றோடு போகினும் போகும்; அச்சில் ஏறிய பழிச்சொல்லோ பேரன் காலத்திலும் வாசிக்கப்படும். ஆதலின், பத்திரிகை நடத்துவோரும் அதற்கு விஷயதானம் செய்வோரும் மானநஷ்டச் சட்டத்தை அறிந்திருத்தல் அவசியம்.

1860-ஆம் வருஷத்திய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்கிற்று. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அதன் ஸ்தானத்தில் பாரதிய நியாய சன்ஹிதையின் 356-ஆம் பிரிவு அமலில் இருக்கிறது. இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அபராதம், அல்லது இவ்விரண்டும், அல்லது சமூக சேவை விதிக்கப்படலாம். "உண்மையைத்தானே எழுதினேன்" என்பது மாத்திரம் போதாது. சிவில் வழக்கில் உண்மை தக்க சமாதானமாகும். கிரிமினல் வழக்கிலோ, அதைப் பிரசுரித்தது பொதுநன்மைக்கே என்றும் காட்டவேண்டும்.

அப்படியாயின் பத்திரிகை வாய்மூடி இருப்பதா? அன்று. மரணதண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிட முற்பட்டபோது, சிறைத்துறை மேலதிகாரி அதை ஆட்சேபித்துக் கடிதம் விடுத்தார். 1994-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிய தீர்ப்பின் சாரமாவது: பிரசுரத்தை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை. ஒருவருடைய குடும்பம், விவாகம், மக்கட்பேறு முதலியவற்றை அவர் சம்மதமின்றி எழுதுதல் கூடாது. பொதுத் தஸ்தாவேஜுகளில் உள்ளதை எழுதலாம். ஆயினும் பலாத்காரத்திற்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடலாகாது. 2017-இல் 9 நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஏகமனதாகத் தீர்மானித்தனர்.

இனி நம் விஷயத்திற்கு வருவோம். சமூகப் பத்திரிகையில் எழுதத் தக்கது எது? சங்க நிதியைக் கையாண்டவர் கணக்குக் காட்டவில்லையாயின், ஆதாரத்தோடு கேட்பது பொதுநன்மை. ஒரு வீட்டின் நிச்சயதார்த்தம் முறிந்ததையோ, ஒரு பெண் தன் விருப்பப்படி மணந்ததையோ அச்சிடுவதில் யாருக்கு என்ன நன்மை? பெயரை விடுத்து, ஊரையும் தெருவையும் குறித்தாலும் ஆளை இன்னாரென்று அறியக்கூடுமாயின், சட்டம் நம்மை விடாது.

உலக வழக்கமோ தலைகீழாயிருக்கிறது. பணக்காரர் கணக்கைக் கேட்க அஞ்சும் பேனா, ஏழை வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுதத் துணிகிறது. முன்னதில் தைரியமும் பின்னதில் கூச்சமும் உடையதே மானமுள்ள பத்திரிகை. நம் பத்திரிகை அவ்விதமே நடைபெறுமாக!