ஐ ஆம் லேட்… அப்புறம்?

கைப்பேசியைத் திறந்தால் போதும், கோட்டு மாட்டிய ஒருவர் வந்து, "இந்த ஆங்கிலச் சொல்லை இனிமேல் சொல்லாதீர்கள்" என்கிறார். அரை நிமிடத்தில் பத்துச் சொற்களுக்குத் தடை. அந்தப் பட்டியலில், பேச்சில் 'இல்லை' என்ற பொருளில் வரும் 'எய்ன்ட்' தவறாமல் இருக்கும். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். எனக்கு அந்தச் சொல்மீது தனிப் பாசம் உண்டு.

பத்தாம் வகுப்பில் ஒருநாள் 'கொஸ்டின் டேக்' நடத்திக்கொண்டிருந்தேன். வாக்கியத்தின் வாலில் "இல்லையா?" என்று சேர்ப்போமே, அதுதான். 'ஹி இஸ் லேட்' என்றால் 'இஸன்ட் ஹி'. 'தே ஆர் லேட்' என்றால் 'ஆர்ன்ட் தே'. 'ஐ ஆம் லேட்' என்றால்? 'ஆர்ன்ட் ஐ' என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ 'ஐ ஆர் லேட்'னு எழுதலாமா சார்?" வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததால் கோபம் வந்தது. அவனைப் பெஞ்சுமேல் ஏற்றிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள், அவன் கேட்டது நியாயம். 'இஸ் நாட்' சுருங்கி 'இஸன்ட்'. 'ஆர் நாட்' சுருங்கி 'ஆர்ன்ட்'. 'ஆம் நாட்' சுருங்கினால் 'ஆம்ன்ட்' என்றுதானே வர வேண்டும்? அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இன்றும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் நாக்கில் மகரமும் னகரமும் முட்டிக்கொள்ள, மகரம் உதிர்ந்து 'ஆன்ட்' ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ஆங்கில நாடகங்களிலேயே அது இருக்கிறது. அந்த ஆன்ட் ஒரு வழியில் திரிந்து 'எய்ன்ட்' ஆனது. இன்னொரு வழியைக் கேளுங்கள். தென் இங்கிலாந்துக்காரர்கள் ரகரத்தை விழுங்கிவிடுவார்கள். அவர்கள் வாயில் 'ஆன்ட்', 'ஆர்ன்ட்' இரண்டும் ஒரே ஒலி. எழுதும்போது 'ஆர்ன்ட்' என்றே எழுதிவிட்டார்கள். மறுபடியும் சொல்கிறேன்: நாம் மதிப்பெண் போடுகிற 'ஆர்ன்ட் ஐ', நாம் சிவப்பு மையால் அடிக்கிற 'எய்ன்ட் ஐ', இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

ஹென்றி ஃபௌலர் 1926இல் கொண்டுவந்த ஆங்கில வழக்கு அகராதி, பிழை திருத்துகிறவர்களுக்கு வேதம் மாதிரி. மனிதர் கறாரானவர். 'இஸன்ட்' வர வேண்டிய இடத்தில் எய்ன்ட் போடுவதை அவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் 'ஆம் நாட்' என்பதற்கு எய்ன்ட் இயல்பான சுருக்கம், தேவையான சொல், அதையும் சேர்த்துப் பழிப்பது பரிதாபம் என்று பரிந்து எழுதினார். ஃபௌலரே!

1961இல் அமெரிக்காவில் வெப்ஸ்டர் அகராதியின் மூன்றாம் பெரும் பதிப்பு வந்தது. சுமார் நாலரை லட்சம் சொற்கள். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டதோ எய்ன்ட் என்ற ஒரே சொல்லை. பலர் இதை ஏற்பதில்லை, படிப்புக் குறைந்தவர்கள் பேச்சில்தான் அதிகம் என்று அகராதி முதலிலேயே சொல்லியிருந்தது. நன்கு படித்தவர்களும் பேச்சில் சொல்வதுண்டு, குறிப்பாக 'எய்ன்ட் ஐ' என்று, என்பது அடுத்து வந்த குறிப்பு. முதல் பாதியை யார் படித்தார்கள்? ஆங்கிலமே அழிந்தது என்று ஒரே கூப்பாடு. ரெக்ஸ் ஸ்டவுட் 1962இல் எழுதிய 'கேம்பிட்' நாவலில், துப்பறியும் நீரோ வுல்ஃப் இந்த அகராதியைத் தாள் தாளாகக் கிழித்துக் கணப்பில் போட்டு எரிக்கிறார். எத்தனையோ துப்பறியும் கதை படித்திருக்கிறேன், அகராதிக்குக் கொள்ளி வைத்ததை அங்கேதான் பார்த்தேன்!

நமக்கு இதெல்லாம் புதிதா என்ன? அல்லேன், அல்லை, அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல என்று இடம் பார்த்து, பால் பார்த்து வைத்திருந்தோம். வீட்டில் யாராவது "நான் திருடன் அல்லேன்" என்கிறோமா? நான் இல்லை, நீ இல்லை, அவர்கள் இல்லை; எல்லோருக்கும் ஒரே 'இல்லை' போதுமாயிருக்கிறது. எய்ன்ட்டும் அப்படித்தான்: ஐ எய்ன்ட், யூ எய்ன்ட், தே எய்ன்ட். 'அல்ல' என்று எழுதினால் 'அன்று' என்று திருத்துகிற நண்பர் எனக்கும் ஒருவர் உண்டு. நல்லவர்தான், தேநீர் வாங்கிக்கொடுப்பார்.

இதேபோல ஆங்கிலத்தில் 'ஹூ'வா 'ஹூம்'மா, 'லெஸ்'ஸா 'ஃப்யூவர்'ரா என்றெல்லாம் கேட்கிறீர்கள். பேச்சில் எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லிவிட்டுப் போங்கள். தேர்வில் மட்டும் 'ஆர்ன்ட் ஐ' என்றே எழுதுங்கள், விடைக்குறிப்பில் அதுதான் இருக்கும். வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் எய்ன்ட் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பையன் பீரியட் முடியும்வரை பெஞ்சுமேல் நின்றான். இப்போது எங்கேயாவது வானொலி கேட்டுக்கொண்டிருக்கலாம். தம்பி, உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஐ ஆம் லேட், எய்ன்ட் ஐ?