தம் கதையைத் தாமே கூறும் உரிமை



ஒருவனுடைய காணியைப் பற்றிய வழக்கில் அவனை அழைத்து விசாரியாமலே தீர்ப்புக் கூறினால், அதனை நீதியென்று நாம் ஏற்போமா? ஒருபோதும் ஏற்கமாட்டோம். ஆயின், அறிவு வளர்ச்சிக் குறைபாடும் ஓட்டிசமும் உடையோரைப் பற்றித் திரையுலகம் நெடுங்காலம் அவ்வாறே தீர்ப்புக் கூறி வந்தது. 1988இல் வெளிவந்த ‘ரெயின் மேன்’ படத்தில் ஓட்டிசம் உடையவராக நடித்து டஸ்ரின் ஹொவ்மன் ஒஸ்கார் பரிசு பெற்றார். நடிப்பிலே குறையில்லை. ஆனால் அவர் அந்நிலையோடு வாழ்பவர் அல்லர். உலகத்தாருட் பலரோ அவ்வொரு பாத்திரத்தைக் கொண்டே ஓட்டிசம் உடையோர் அனைவரையும் அளக்கத் தலைப்பட்டனர்.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சிகளுள் ஒன்று, இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில் 2004இல் தொடங்கிய ‘ஒஸ்கா பிறைற்’ திரைப்பட விழாவாகும். அறிவு வளர்ச்சிக் குறைபாடோ ஓட்டிசமோ உடையவர்கள் எடுத்த படங்களும் நடித்த படங்களும் அங்கே காட்டப்படுகின்றன. அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. படங்களைத் தெரிவு செய்து விழாவை முன்னின்று நடத்துவோரும் அத்தகையோரே. காட்சிப் பொருளாக நின்றவர் அங்கே நடுவராக அமர்கிறார்.

“இது வெறும் இரக்கந்தானே, கலைத்தரம் எங்கே?” என்று சிலர் வினவலாம். சான்றுகளே விடை கூறட்டும். டவுண் சின்ட்ரோம் உடைய பஸ்கால் டுக்கேன், 1996இல் கான் விழாவின் சிறந்த நடிகர் பரிசைத் தம்முடன் நடித்த டானியல் ஓத்தேயுடன் பகிர்ந்துகொண்டார். 2009இல் சான் செபஸ்தியான் விழாவில் பப்லோ பினேடா அத்தகைய பரிசைப் பெற்றார். ஜேம்ஸ் மார்ட்டின் நடித்த ‘அன் ஐரிஷ் குட்பை’ என்னும் குறும்படம் 2023இல் ஒஸ்கார் வென்றது. அவ்விருவரும் டவுண் சின்ட்ரோம் உடையோரே.

“தனி விழா தனி வேலியாகாதோ?” என்பது மற்றொரு வினா. நியாயமான வினாவே. நாற்றுமேடையில் வளர்வது வயலிலே நடப்படுவதற்கே என்பதை உழவர்களாகிய உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தனி விழாவிற் பயின்றவர் பொது அரங்கை அடைதல் வேண்டும். அடையாவிடின் வேலி என்ற குற்றச்சாட்டு மெய்யாகிவிடும்.

இது சலுகையும் அன்று. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, அவர்கள் தம் கலைத்திறனை வளர்த்துப் பயன்படுத்த வாய்ப்பளிக்குமாறு அரசுகளைப் பணிக்கிறது. அவர்தம் நன்மைக்காக மட்டுமன்றிச் சமுதாயத்தின் வளத்துக்காகவும் என்று அது காரணங் கூறுகிறது. இலங்கை அச்சமவாயத்தை 2016இல் ஏற்று உறுதி செய்தது. கையொப்பம் அரசினுடையது, அதனை நிறைவேற்றக் கேட்கும் கடமை நம்முடையது.

நம் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு வெண்திரை கட்டப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அத்தகைய படங்களை அங்கே காட்டுவோம். நம்மவர் வீட்டுப் பிள்ளைகளையும் உள்ளறையிலிருந்து அழைத்து வந்து முன்வரிசையில் இருத்துவோம். படம் முடிந்தபின் முதலில் அவர்களிடமே கருத்துக் கேட்போம். அவர்கள் கூறி முடிக்கும்வரை பொறுத்திருப்போம்.